காய்ச்சல் வராத மாடு

கொடுவாய்,
9.3.2006

மதிப்புக்குரிய மாட்டு டாக்டர் வேல்விழி அம்மணிக்கு, பால் சொசைட்டிக்குப் பக்கத்து வீட்டு நல்லான் எழுதிக்கொள்வது. விடுமுறைக்கு உடுமலைப்பேட்டை போன நீங்களும், உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் வீட்டுக்காரி மருதாளும் சுகம். மாடும் சுகம். அதுதான் அம்மணி, எங்கள் துக்கம்.

உண்ணிக் காய்ச்சல் வராமலிருக்க முகாமில் ஊசி போட்டபோது, "இது உசுருள்ள மருந்துங்க. கிருமியைச் சாதுவாக்கி உள்ளே விடறோம். லேசாக் காய்ச்சல் வரலாம், தோள்பக்கம் கட்டி வீங்கலாம். உடம்பு பாடம் படிக்குதுன்னு அர்த்தம்" என்றீர்கள். ஊரில் எல்லா மாடும் படித்துவிட்டது. லிங்கசாமி மாட்டுக்கு எலுமிச்சை அளவு கட்டி. அவர் தினமும் வேலியோரம் நின்று, "ஏனுங்கண்ணா, இன்னும் ஒண்ணுமில்லீங்களா?" என்று துக்கம் விசாரிக்கிறார். இந்த வயதில் நான் எழுதப் படிக்கக் கற்றபோது ஒரு வாரம் தலைவலி வந்தது. இதுவோ கடைசி பெஞ்சுக்காரனைப் போல அசை போட்டுக்கொண்டு நிற்கிறது. போன சித்திரையில் இதே நோயில் எங்கள் செவலைப் பசு கண் மஞ்சளாகிச் செத்தது. அதன் கயிற்றை மருதாள் இன்னும் கட்டுத்தறியிலிருந்து அவிழ்க்கவில்லை. இதையும் பறிகொடுத்தால் அவள் தாங்கமாட்டாள்.

என் மகன் சசிகுமார் பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கட்டிங் வேஸ்ட் துணி மூட்டையை அவிழ்த்து மாட்டைப் போர்த்தினேன். வேர்த்தது, காய்ச்சல் வரவில்லை. தொற்றிக்கொள்ளட்டும் என்று லிங்கசாமி கொட்டகையில் அவர் மாட்டோடு சேர்த்துக் கட்டினேன். அங்கே போய் அவர் தீவனத்தையும் தின்றது. "மாட்டை உட்டுப்போட்டுப் படுங்க. உங்களுக்குத்தான் காய்ச்சல் வரப்போகுது" என்கிறாள் மருதாள்.

புகை வரும் அந்தக் குளிர் டப்பாவிலிருந்து எடுத்த மருந்து, என் மாட்டின் முறை வருவதற்குள் செத்துப்போயிருக்குமோ என்று சந்தேகம். தயவுசெய்து உயிரோடு இருப்பதாகப் பார்த்து இன்னொரு ஊசி போட வேண்டும். சசிகுமார் போனில் சொல்லிவிடலாம் என்றான். எழுதத் தெரிந்தவன் எதற்கு அடுத்தவன் வாயால் அழ வேண்டும்? காலையில் பிடித்த பேனா, வெயில் இறங்கிவிட்டது. ஆனாலும் எல்லாம் என் கையெழுத்து.

உங்கள் கைக்கு ராசியும் மருந்துக்கு ஆயுளும் நீடிக்க மாரியம்மன் அருளட்டும்.

இப்படிக்கு,
நல்லான்

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போதே மருதாள் கூப்பிட்டாள். மாட்டின் காது சுடுகிறது, தோளில் கட்டியும் தட்டுப்படுகிறது. மேலே எழுதிய குறை எல்லாம் தள்ளுபடி. லிங்கசாமியைக் கூப்பிட்டுச் சர்க்கரை கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "சந்தோசமுங்க. ஆனா, எங்க கொட்டாயெல்லாம் உண்ணி கெடக்குதுங்களே. இது ஊசிக் காய்ச்சலுங்களா, உண்ணிக் காய்ச்சலுங்களா?" என்றார். மருதாள் என் முகத்தையே பார்க்கிறாள். எனக்குத் தெரியவில்லை அம்மணி. இரண்டாவது ஊசி வேண்டாம். கடிதத்தோடு வரும் சசிகுமாரின் பைக்கில் பின்னால் ஏறி வந்துவிடுங்கள். மேலே உள்ளதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.