ரோடு முடிகிற இடம் வரை

நாற்சந்தியின் நட்டநடுவில் வண்டி மறுபடியும் உயிரை விட்டது.

"கிளச்சப் பட்டுனு விடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்றார் டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மா.

"நான் விடலைங்க. அதுவாப் போயிடுச்சு."

"அது எங்கயும் போகாது. அதுக்குக் கால் இல்ல. உங்களுக்குத்தான் இருக்கு."

பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. பச்சை விளக்கு பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிவப்பானது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த மாத்திரை சாவியைத் திருகப் போன அதே நேரம், தோளில் கேமரா பையோடு ஓர் ஆள் சாலையைக் கடந்து வந்தார். அது அவருடைய சிநேகிதர் ஸ்டுடியோ! மாத்திரை சீட்டிலிருந்து வழுக்கி, ஸ்டீயரிங்குக்கு அடியில் போய்ச் சேர்ந்தார்.

"அங்க என்ன சார் தேடறீங்க?"

"கிளச்ச."

தேடியதோடு நின்றிருக்கலாம். குனிந்தபடியே சாவியைத் திருகித் தொலைத்தார். கியரில் இருந்த வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவியது. டீச்சரம்மா தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். ஸ்டுடியோ துள்ளி விலகி, திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலே ஒரு வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. அப்படி ஒரு வழுக்கையை ஆண்டவன் அந்த ஊரில் வேறு யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

மாத்திரை என்பது மருந்துக்கடைக்காரருக்குச் சிநேகிதர்கள் வைத்த பட்டப்பெயர். சிநேகிதர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார், அவர் பூகோளம். இன்னொருவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார்; அவர் ஸ்டுடியோ. பெயர் வைப்பதில் மூவருக்கும் அப்படியொன்றும் கற்பனை கிடையாது. இருந்த கற்பனையெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்குச் செலவாகிவிட்டது.

சொந்த வண்டியில் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். மலை ஏறி இறங்கி, பாலைவனத்தைக் குறுக்கே வெட்டி, பாஷை தெரியாத தேசங்களைத் தாண்டி, கண்டத்தின் மறுகோடியில் ரோடு கடலில் போய் முடிகிற இடத்தில் நின்று டீ குடிக்க வேண்டும். மீசை அரும்பிய வயசில் பேச ஆரம்பித்தார்கள். மீசை நரைத்த பிறகு, மூவருமாகச் சேர்ந்து ஒரு பழைய பெரிய வேனை வாங்கியே விட்டார்கள். வாங்கிய அன்று மாத்திரை அதன் முகத்தைத் தடவிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவருக்கு நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை. மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் பூகோளம் கேட்டார். "மலை ரோட்டுல நீ ஓட்டிடுவ இல்லடா?"

"பின்ன?" என்றார் மாத்திரை.

அந்த ஒரு வார்த்தைதான் வினை. மாத்திரைக்கு ஸ்கூட்டரைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. ஆனால் இளமையில் மருந்துக் கம்பெனி வேலையாக வெளியூரில் இருந்தபோது, கொண்டை ஊசி வளைவுகளில் ஒற்றைக் கையால் ஜீப் ஓட்டியதாக இவர்களிடம் அளந்திருந்தார். கேட்டவர்கள் மறந்திருப்பார்கள் என்று நினைத்தார். அவர்களோ மனப்பாடமே செய்து வைத்திருந்தார்கள். இப்போது தெரியாது என்று சொன்னால் மானம் போவதோடு நிற்காது. இவரைக் கழற்றிவிட்டு, ஓட்டத் தெரிந்த வேறு எவனையாவது ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தக் கடலோரத்தில் தன் இடத்தில் நின்று வேறு எவனோ டீ குடிப்பதை நினைத்தால் அவருக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான் இந்த ரகசியப் படிப்பு. வீட்டில் காலை நடை என்று பேர்.

அன்று சாயங்காலம் மூவரும் வழக்கம்போல மெக்கானிக் ஷெட்டில் கூடினார்கள். வேன் மாப்பிள்ளை மாதிரி நின்றது. கூரையில் கேரியர், பக்கவாட்டில் தண்ணீர் டேங்க், பின்னால் இழுவைக் கயிறு, புது டயர்கள். சுவரில் பூகோளம் ஒட்டிய வரைபடத்தில் சிவப்புக் கோடு பாம்பாக நெளிந்தது. மூவரும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு முடிந்ததும் ஸ்டுடியோ சொன்னார்:

"காலைல நாற்சந்தில உன்னப் பாத்தேன்டா. எல் போர்டு வண்டில."

மூளை கைவிட்டாலும் வாய் மாத்திரையை என்றுமே கைவிட்டதில்லை. "ஆமா. சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன்."

"என்னத்த?"

"டிரைவிங்தான். அந்த ஸ்கூல்ல ஆள் பத்தலைன்னு ஒரே கெஞ்சல். சரின்னு காலைல போய்ட்டு வரேன்."

"நீ டிரைவர் சீட்டுல இல்ல இருந்த?"

"செஞ்சு காட்டினாத்தானே புரியும்?"

"குனிஞ்சா?"

"கிளச் எங்க இருக்குன்னு காட்டணுமா வேணாமா?"

சிநேகிதர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் பூகோளம் பாய்ந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"அடப்பாவி, வாத்தியாராவே ஆயிட்டியா! சொல்லவே இல்ல! அப்ப பாலைவனத்தையும் நீயே ஓட்டிடு. வழி பாக்குறது என் பொறுப்பு."

"போட்டோ என் பொறுப்பு. அதுக்கு எனக்கு ரெண்டு கையும் வேணும்" என்று ஸ்டுடியோவும் முந்திக்கொண்டார். "இந்த ஞாயித்துக்கெழம ஒரு ட்ரையல் போட்டுருவோம். உன் கையாலதான் ஆரம்பிக்கணும்."

"ட்ரையலா? அதெல்லாம் வண்டி ஜோராத்தான் சார் ஓடுது" என்றது வேனுக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல். அதை யார் கேட்டார்கள்?

மலை மட்டும் இருந்த இடத்தில் பாலைவனமும் வந்து சேர்ந்தது. கிணறு வெட்டப் போனவருக்குப் பூதம் ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சொந்தக் கடைத் துணி. கட்டு அமர்க்களமாக இருந்தது.

"சுளுக்கு" என்றார் சோகமாக. "நீங்க ஓட்டுங்கடா. எனக்காக நிறுத்தாதீங்க."

இதைச் சொல்லும்போது அவருக்கு உள்ளூரக் கும்மாளம்தான். ஆனால் பூகோளம் சாவியைத் தொடவே இல்லை.

"நீ இல்லாம முதல் ஓட்டமா? நாங்க என்ன மனுஷங்களா, மாடுகளா?"

"வண்டி காத்திருக்கட்டும்டா. உன் கைதான் முக்கியம்" என்றார் ஸ்டுடியோ.

மாத்திரைக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட தங்கமான மனுஷர்களையா ஏமாற்றுகிறோம் என்று மனசு குத்தியது. உண்மையைச் சொல்ல வாயைக்கூடத் திறந்தார். அதற்குள் ஸ்டுடியோ அவர் வாயில் ஒரு வறுத்த கடலையைப் போட்டுவிட்டார்.

வீட்டில் மனைவி கட்டைப் பார்த்தாள். "என்னங்க இது?"

"காலைல நடக்கும்போது விழுந்துட்டேன்."

"அப்ப நாளையிலேருந்து நடக்க வேணாம்."

சொந்த வாயாலேயே ஸ்கூலுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். "டாக்டர் நடக்கச் சொல்லிருக்காரே" என்று சமாளித்துப் பார்த்தார்.

"கை சுளுக்குக்கு நடக்கச் சொன்னாரா? எந்த டாக்டருங்க அவரு? எனக்கும் கொஞ்சம் காட்டுங்க."

வேறு வழியில்லாமல் வகுப்பை மத்தியானத்துக்கு மாற்றினார். கடையை உதவியாளிடம் விட்டுவிட்டு, கட்டை அவிழ்த்துப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு ஓடுவார். திரும்பும் வழியில் வீட்டுக்குப் போய், சமையலறைத் தரையில் மூன்று பாத்திர மூடிகளை வரிசையாக வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து கிளச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்று மிதித்துப் பழகுவார். ஸ்டீயரிங்குக்கு முறம். மத்தியானங்களில் மனைவி வீட்டில் இருப்பதில்லை என்பது பெரிய சௌகரியம். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அவளும் திருப்பிக் கேட்பாள்.

அவசரத்தில் ஒருநாள் கட்டு இடது கைக்குப் போய்விட்டது.

"நேத்து வலது கை இல்ல?" என்றார் பூகோளம்.

"வலி இந்தப் பக்கம் எறங்கிடுச்சு."

"ஓ" என்றார் பூகோளம் மரியாதையாக. "மருந்துக்கடைக்காரன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

கிளம்பும் நாள் நெருங்க நெருங்க ஷெட்டில் குதூகலம் தலைக்கேறியது. கூடாரத்தை விரித்துப் பார்த்தார்கள். மடிக்கத் தெரியாமல் மூன்று பேரும் உள்ளேயே சிக்கி, மெக்கானிக் வந்து மீட்டார். காகித வேலையெல்லாம் பூகோளத்தின் மனைவி பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பயண ஏஜென்சியில் வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வழியனுப்பக் கொடி செய்தார்கள். மருந்து வாங்க வந்தவர்கள் காய்ச்சலை மறந்துவிட்டுப் பாலைவனத்தைப் பற்றி விசாரித்தார்கள். மாத்திரையின் மனைவிகூட ஒருநாள் சாப்பாடு போடும்போது, "அந்த மலைக் கணவாய்ல பனி எப்பங்க உருகும்?" என்று கேட்டாள். கிண்டலோ என்று நிமிர்ந்து பார்த்தார். இல்லை, நிஜமாகவே கேட்டாள். இவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று அவருக்கு இரண்டு வாய்ச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாய் இறங்கிவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் லைசென்ஸ் டெஸ்ட். டீச்சரம்மா வரவில்லை, தலைவலி என்றார். பரிசோதகர் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, "எடுங்க" என்றார். மாத்திரை எடுத்தார். நேராகப் போவதில் குறையொன்றுமில்லை. "ரிவர்ஸ்" என்றதும்தான் பிடித்தது சனி. நட்டு வைத்திருந்த கம்புகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. கடைசிக் கம்பை மட்டும் விட்டுவிட்டாரே என்று பரிசோதகர் ஆறுதலாக மூச்சுவிட்டபோது, வண்டி முன்னால் பாய்ந்து அதையும் சாய்த்தது. பரிசோதகர் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு இறங்கினார்.

"சார், ஆபீஸ் அங்க இருக்குதே. ஏறிக்குங்க, கொண்டுபோய் விடறேன்."

"வேணாங்க. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சாயங்காலம் மாத்திரை ஷெட்டுக்குப் போனபோது சிநேகிதர்கள் புதுச் சட்டையோடு நின்றார்கள். மூன்று சட்டைகளின் முதுகிலும் வேன் படம். அவருடையதை ஸ்டுடியோ நீட்டினார். வாங்கிக்கொள்ள அவருக்குக் கை வரவில்லை.

"டேய், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுடா" என்றார் மாத்திரை. "ஜீப்பு, மலை, வாத்தியார் வேல, சுளுக்கு, எல்லாம் புளுகு. இன்னிக்கு டெஸ்ட்லயும் ஃபெயில். என்ன விட்டுட்டு நீங்க போய்ட்டு வாங்க. அந்தக் கடல மட்டும் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து குடுங்க, போதும்."

சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. பூகோளம் மெதுவாகப் போய் ஸ்பேர் டயர் மேல் உட்கார்ந்தார்.

"நாங்க எப்படிடா போறது?" என்றார். "எனக்கும் தெரியாதே."

"என்னது?"

"ஊருக்கு அந்தக் கோடியில ஒரு டிரைவிங் ஸ்கூல்ல சேந்தேன். மூணாவது நாளே பீஸ திருப்பிக் குடுத்துட்டு, இந்தப் பக்கம் வராதீங்கன்னுட்டாங்க. சரி, நீதான் வாத்தியாராச்சேன்னு நிம்மதியா இருந்தேன்."

இருவரும் ஒரே நேரத்தில் ஸ்டுடியோ பக்கம் திரும்பினார்கள். ஸ்டுடியோ சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"என்ன ஏன்டா பாக்குறீங்க? நான் உங்க ரெண்டு பேரையும் நம்பி, போய்க் கத்துக்கக்கூட இல்ல."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டயர் மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். சிரிப்பு மெல்ல அடங்கியதும் மூவருக்கும் ஒரே நேரத்தில் நாளைக் காலை ஞாபகத்துக்கு வந்தது. கொடி பிடிக்கப் பிள்ளைகள் வரும். ஊரே வரும். வேனும் நிற்கும்.

"யானைய வாங்கிட்டோம், பாகன மறந்துட்டோமே" என்றார் பூகோளம் தலையில் கை வைத்து. "இப்ப யாருடா ஓட்டறது?"

அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக், வேனுக்கு அடியிலிருந்து தலையை நீட்டிக் கையைத் துடைத்தபடி மூவரையும் குழப்பமாகப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு சார் ஓட்டணும்? தெனம் மத்தியானம் வந்து எடுத்துட்டுப் போயி, மலை வரைக்கும் ஓட்டிப் பழகிட்டாங்களே உங்க வீட்டு அக்காங்க மூணு பேரும்; வீட்ல உங்களத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலன்னுதான் கூடக் கூட்டிட்டே போறாங்களாம்!"