ஓரெழுத்துத் தீர்ப்பு

“என் கதையைப் படிச்சியாடா?”

போனில் அக்காவின் குரல். ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். படித்திருந்தார். அதுதான் சிக்கல்.

கதையின் பெயர் ‘உதிர்ந்த இலையின் கண்ணீர்’. முதல் வரியில் ஓர் இலை உதிர்கிறது. தரைக்கு வந்து சேர மூன்று பக்கம் எடுத்துக்கொள்கிறது. வழியெல்லாம் கிளையை நினைத்து அழுகிறது.

“படிச்சேன்க்கா. அப்படியே ஆடிப்போயிட்டேன்” என்றார். அதில் பொய் இல்லை.

“அப்போ இலையுதிர்கால இதழ்ல வந்துடும்ல?”

“பார்க்கிறேன்க்கா.”

“என்னடா பார்க்கிறது? உங்க அத்தான் நடத்துற பத்திரிகைல நான் எழுதக் கூடாதா?”

அத்தான் அட்டைப்பெட்டி செய்கிறவர். தொழிற்சாலையின் பின்பக்கத்தில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, வேறெந்த வேலைக்கும் லாயக்கில்லாத மைத்துனனைச் சிறுகதைப் பத்திரிகைக்கு ஆசிரியராக உட்கார வைத்திருந்தார். எழுதுகிறவர்கள் ஆசிரியருக்கு வைத்த பட்டப்பெயர் ‘கத்தரி’. கத்தரிக்கோலைச் சொல்கிறார்கள் என்று அவருக்கு ஒரே பெருமை. சொத்தைக் காயைத்தான் சொன்னோம் என்பது வைத்தவர்களுக்குத் தெரியும்.

உலகத்தில் எழுதத் தெரிந்தவர்கள் சொற்பம், அவர்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் ஒருவரே என்பது அவர் கொள்கை. பிடித்த கதையின் தலையில் ‘ச’ என்று எழுதுவார். சரி என்று அர்த்தம். பிடிக்காததன் தலையில் ‘வே’. வேண்டாம் என்று முழுதாக எழுதும் மரியாதைகூட அவற்றுக்குக் கிடையாது. மற்றதெல்லாம் கணினியில் பக்கம் கட்டும் பெண்ணின் பாடு. அச்சாகி வரும் இதழில் தம் தலையங்கத்தைத் தவிர வேறு பக்கத்தை அவர் புரட்டுவதில்லை. கேட்டால், “சமைச்சவனுக்குப் பசிக்காது” என்பார்.

முன்பு பக்கம் கட்டியவர் ஓய்வு பெற்று, இந்தப் பெண் வந்த நாளிலிருந்து இதழ் நன்றாக விற்றது. தம் ரசனை ஒருவழியாக ஜனங்களுக்குப் புரிந்துவிட்டது என்று ஆசிரியர் எடுத்துக்கொண்டார். அவர் கொண்டாடிய எழுத்தாளர்கள்தான் ஏனோ தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திறமை இருக்கிற இடத்தில் திமிரும் இருக்கும். ‘வே’ வாங்கியவர்களோ ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்று தெரிந்தவர்கள், பாவம்.

இந்த முறை விஷயம் பெரிது. இலக்கிய வட்டம் சிறந்த ஆசிரியர் விருதை இலையுதிர்கால இதழ்களைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறது. அழுகிற இலை உள்ளே வந்தால் விருது போகும். வராவிட்டால் நாற்காலி போகும்.

அக்கா கதையின் தலையில் பெரிதாக ‘வே’ என்று எழுதிவிட்டு, அக்காவுக்குப் போன் செய்தார்.

“இந்த இதழ்ல இடமே இல்லக்கா. குளிர்காலத்துல போட்டுடலாம்.”

“குளிர்காலத்துல மரத்துல ஏதுடா இலை?”

சற்று நேரத்தில் அத்தான் கூப்பிட்டார். “இடம் இல்லையாமே? பக்கத்தைக் கூட்டிக்கோ மாப்ளே. அதுக்கா உங்க அக்காவை அழ விடுற?”

ஆசிரியர் ‘வே’யின் கீழே ஒரு கோடு போட்டார். பிறகு அக்காவிடம், படம் வரைபவருக்கு உடம்பு சரியில்லை, படமில்லாமல் போட்டால் கதைக்குத்தான் அவமானம் என்றார்.

மறுநாளே அக்கா மகள் வரைந்த படம் வந்து சேர்ந்தது. இலைக்குக் கண், மூக்கு, கன்னத்தில் மூன்று துளி.

ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘வே’யைச் சுற்றிக் கட்டம் கட்டி, பக்கத்திலேயே இன்னும் இரண்டு ‘வே’ எழுதினார். படத்துக்கும் தனியாக ஒன்று போட்டார். பிறகு பக்கம் கட்டும் பெண்ணைக் கூப்பிட்டார்.

“அக்கா கதைல நான் என்ன போட்டிருக்கேன்னு பார்த்தீங்களா?”

“பார்த்தேன் சார்.”

“சொந்தக்காரங்கன்னு தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. யார் வந்து என்ன சொன்னாலும் நான் போட்டதுதான்.”

“மாறவே மாறாது சார். இவ்வளவு அழுத்தமா நீங்க எதுக்கும் போட்டதில்லையே” என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, “உங்க ரசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும் சார்” என்றும் சொன்னாள்.

ஆசிரியர் நெகிழ்ந்துபோனார். ஆனாலும் இதழ் வந்ததும் பழியை இவள் தலையில்தான் போடுவது என்று முன்பே முடிவு செய்திருந்தார். அக்காவா அடிமட்ட ஊழியரா என்றால் இலக்கியம் அக்கா பக்கம்தான் நிற்கும்.

இதழ் வந்த அன்று ஆசிரியர் போனை அணைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே மரம் பாட்டுக்கு இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தது. ஒன்றுகூட அழவில்லை என்பதை அவர் கவனித்தார்.

கதவு படாரென்று திறந்தது. கையில் இதழோடு அக்கா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அக்கா, சத்தியமா நான் பண்ணல” என்று ஆசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். “எல்லாம் அந்தப் பக்கம் கட்டுற பொண்ணு செஞ்ச வேலை. எனக்கு ஒண்ணுமே தெரியாது!”

அக்கா அவர் கன்னத்தைத் தடவினாள். “அடக்கத்துக்கும் ஒரு அளவு வேணும்டா தம்பி. முதல் கதையா போட்டுட்டு எப்படி நிக்கிறான் பாரு! உங்க அத்தான் காலைலேர்ந்து எல்லார்கிட்டயும் காட்டிட்டிருக்கார்.”

ஆசிரியர் தலையை ஆட்டிவைத்தார். அக்கா போனதும், விருதாவது மிஞ்சுமா என்று பயந்துகொண்டே போனைத் திறந்தார். திறந்ததுமே அது அடித்தது. இலக்கிய வட்டத் தலைவர்.

“வாழ்த்துகள் சார்! விருது உங்களுக்குத்தான். காலைல இதழ் கைக்கு வந்ததுமே முடிவு பண்ணிட்டோம். மேதாவித்தனமே இல்லாத ரசனை உங்களுது. அந்த இலை அழுததும் எங்க குழுவே அழுதுடுச்சு!”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசிரியர் தம் இதழைப் புரட்டினார். முதலில் அக்கா கதை. பக்கத்திலேயே மூக்கு வைத்த இலை. அடுத்தது காதலி வீட்டு நாய்க்குட்டி பற்றிய கதை. அவர் ‘வே’ போட்டது. அதற்கடுத்ததும் ‘வே’ போட்டதுதான். அவர் உச்சிமுகர்ந்து ‘ச’ போட்ட, முற்றுப்புள்ளியே இல்லாத அந்த மகத்தான கதையைக் கடைசி அட்டை வரை தேடியும் காணவில்லை.

பக்கம் கட்டும் பெண்ணின் முன்னால் போய் நின்றார்.

“யார் சொல்லி இப்படிப் பண்ணினீங்க? அத்தானா?”

“யாரும் சொல்லலையே சார்.”

“அந்த முற்றுப்புள்ளி இல்லாத கதை எங்க?”

“அதுவா? அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டேனே.”

“திருப்பி அனுப்பினீங்களா! நான் தலையிலேயே எழுதியிருந்தேனே, பார்க்கலையா?”

அந்தப் பெண் அவரைக் கவலையோடு பார்த்தாள்.

“என்ன சார் புதுசா கேக்கறீங்க? ‘வே’ன்னா வேணும், ‘ச’ன்னா சகிக்கல... நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அப்படித்தானே சார் போட்டுட்டு வர்றேன்?”