பிள்ளைகொல்லி ராசாவின் இரக்கம்

"தொண்டை கட்டிப்போச்சு அண்ணாவி. பேச்சே வரமாட்டேங்கு" என்று பாஸ்கல் வெறும் காற்றாக முனகினான்.

நாடகம் பழக்கும் ரோச் அண்ணாவி துள்ளி எழுந்தார்.

"ஏலே, இன்னொரு தடவ சொல்லு!"

"பேச்சே வரமாட்டேங்கு..."

"இதாம்லே குரலு! பன்னெண்டு வருசமா நீ கத்துனதுல வராத பயம் இப்பத்தாம்லே வருது. நாடகத்தன்னைக்கும் இப்படியே பேசிரு!"

பாஸ்கலுக்குத் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. வேடத்திலிருந்து கழன்றுகொள்ளப் பார்த்தான், அவ்வளவுதான்.

தூத்துக்குடியில், கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் தோணியில் அவனுக்கு வேலை. ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத ஆள். ஆனால் மூன்று ராசாக்கள் திருநாள் நாடகத்தில் அவன்தான் பிள்ளைகொல்லி ராசா. பிள்ளையாகப் பிறந்த ஆண்டவரைத் தீர்த்துக்கட்ட, ஊரில் உள்ள பச்சைப் பிள்ளைகளையெல்லாம் வெட்டச் சொல்லி அவன் கையைத் தூக்கியதும், கடற்கரைப் பெண்கள் மடியில் அள்ளி வைத்திருக்கும் மண்ணை அவன்மேல் வீசுவார்கள். "கட்டையில போவ! ஒன் கை அழுகிப்போவ!" என்று வாய் வலிக்க ஏசுவார்கள். மறுநாள் காலையில் அதே பெண்கள் நல்ல மீனாகப் பொறுக்கி அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். வேறு யார் ராசா வேடம் போட்டாலும் அவர்களுக்குப் பிடிக்காது.

இந்த வருசம் அவனால் ஆகாது. ஆவணியில் வந்த பேதி அவனுடைய ஒன்பது மாதப் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. மனைவி இசபெல்லா அழவில்லை. சாமியார் வந்து "ஆண்டவர் சித்தம்" என்றபோது தலையை ஆட்டினாள். அன்றோடு பேச்சும் போயிற்று. ஐந்து மாதமாக அடுப்பு எரிகிறது, சோறு வேகிறது, வீட்டில் சத்தம் இல்லை. அவள் கண் முன்னால் நின்று பிள்ளைகளை வெட்டச் சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?

தளபதி வேடக்காரன் பவுலிடம் போனான். "இந்த வருசம் நீ ராசாவா நில்லேன்."

"நானா? ஒன் பக்கத்துல நின்ன பாவத்துக்கே போன வருசம் ஒரு வாரம் காதுல மண்ணு. போலே!"

அதோடு விட்டானா பவுல்? பாஸ்கலுக்கு வேடத்தில் திருப்தி இல்லை என்று அண்ணாவியிடம் போய்ச் சொன்னான். பாட்டு குறைவென்று பாஸ்கல் கோபித்துக்கொண்டிருப்பதாக அண்ணாவி நினைத்தார். பிள்ளைகளை எப்படியெல்லாம் கொல்ல வேண்டும் என்று விவரமாக இரண்டு பாட்டு கூடுதலாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் பாஸ்கல் மனைவியிடமே கேட்டான்.

"ஏளா, நாளைக்கு நாடகம் பாக்க வராத. மணப்பாட்டுக்கு, ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா."

"ம்" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

உலகச் சண்டைக் காலம்; ராத்திரியில் விளக்குப் போடக்கூடாது என்று உத்தரவு. அதனால் நாடகம் பட்டப்பகலில் நடந்தது. கிரீடத்தோடு மேடையேறிய பாஸ்கல் முன்வரிசையைப் பார்த்தான். அங்கே இசபெல்லா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் மடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிள்ளை கிடந்த மடி.

"ராசாவே, பிள்ளைகளை என்ன செய்ய?" என்று வாளை உருவினான் பவுல்.

"ஒண்ணும் செய்யவேண்டாம்" என்றான் ராசா. "எல்லாப் பிள்ளைக்கும் பால் வாங்கிக் குடுங்க."

பவுல் வாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். சிறகு கட்டி, சம்மனசாக, வானதூதர் வேடம் போட்ட எபனேசருக்குத் தன் பாடம் மட்டும்தான் தெரியும்.

"எழுந்திருங்கள்! பிள்ளையோடு எகிப்துக்கு ஓடிப்போங்கள்!"

"எதுக்கு?" என்றான் பாலனின் தகப்பன் சூசையப்பராக நின்ற செல்வதுரை. "அதான் ராசா பால் குடுக்காராமே!"

வண்ணான் துறையிலிருந்து பிடித்து வந்த கழுதை போவதா நிற்பதா என்று தெரியாமல் மேடையிலேயே படுத்துவிட்டது. ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து அண்ணாவி கத்தினார். "கொல்லுலே! ஏலே பாவி, கொல்லு!"

"மாட்டேன் அண்ணாவி!"

திரை விழுந்தது. அண்ணாவி தலையில் அடித்துக்கொண்டு போனார். பாஸ்கல் ஓரமாக உட்கார்ந்து கிரீடத்தைக் கழற்றினான். நாடகம் கெட்டால் கெட்டுப்போகட்டும், அவளை ஒரு வேதனையிலிருந்து காப்பாற்றியாயிற்று என்று ஐந்து மாதத்தில் முதல்முறையாக மனசு கொஞ்சம் லேசாயிற்று.

பக்கத்து வீட்டு மீன்காரி மெட்டில்டா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"இசபெல்லா எங்க இருக்கா அக்கா? அழுவுதாளா?" என்று கேட்டான் பாஸ்கல்.

"அழுதாத் தேவலயே. எல்லாரும் போயாச்சு, அவ மட்டும் அங்கனயே இருக்கா."

"பிள்ளயக் கொல்லுறதப் பாக்க வேண்டாம்னுதான் அக்கா நான்..."

மெட்டில்டாவும் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள்.

"ஆண்டவர ஏச முடியாதுன்னு ஒன்னய ஏசத்தாம்லே, காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்காம மடி நெறய மண்ணக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்திருந்தா, இனி அவ அந்த மண்ண யாரு மேலலே எறிவா?"