முறுக்கு டப்பாவுக்கு வந்த சோதனை

கருமத்தம்பட்டி,
20-4-1998

அன்பு மகள் ஜோவிதாவுக்கு, உன் அப்பன் தங்கராஜ் மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். சேலம் ஹாஸ்டலில் உன் நலம் அறிய ஆவல். நிற்க.

ஈஸ்டர் முறுக்கு உனக்கு வந்து சேராத காரணத்தை விளக்கமாகத் தெரிவிக்கிறேன். வழக்கம்போல காந்திபுரம் போய், சேலம் பஸ் கண்டக்டரிடம் டப்பாவை நீட்டினேன். பிப்ரவரியில கோயமுத்தூர்ல குண்டு வெடிச்சதுல இருந்து ஆளில்லாத பார்சலை ஏத்தக்கூடாதாம், அந்த மனுசன் கையை உதறிப்போட்டார். அதுக்குள்ள பாலுசாமின்னு ஒரு போலீஸ்காரர் ஓடியாந்து, "ஏனுங்க பெரியவரே, உள்ள என்னங்க?"ன்னார். "முறுக்குங்க." "எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க"ன்னு பஸ்சையே காலி பண்ணிப்போட்டார். நாயைக் கூட்டியாந்து மோந்து பாக்க உட்டா, அது டப்பாவை உட்டு நகரமாட்டேங்குது. உங்கம்மா ஊத்துன நெய் அப்படி! நாப்பது பேரு ரோட்டுல நின்னு என்னைய மொறைக்கறாங்க.

முறுக்குக்கு அடியில ஒரு காயிதம் கெடந்துச்சு கண்ணு. உங்கம்மா கையெழுத்து. ஏதோ ரகசியச் சேதின்னு பாலுசாமி சத்தமாவே படிச்சார். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நீ கட்டிக்க ஆசைப்படற ஆல்வின் தம்பி வேற சபைங்கறதால அவர் குதிப்பார். நான் மெதுவாப் பேசிக்கறேன்." ஒரு அம்மா, "யாருங்க அந்த அப்பா?"ன்னு கேக்குது. "நாந்தானுங்க"ன்னேன். "குதிக்காதீங்க"ன்னு சேலம் பஸ் மொத்தமும் எனக்குப் புத்தி சொல்லுது.

எனக்கு வந்துச்சு பாரு கோவம்! உம்மேல இல்ல அம்மணி. "ஏனுங்க, டப்பாவைத் தொறங்க, மடியைக்கூடத் தடவுங்க, செத்தவங்களை நெனச்சா எனக்கும் நெஞ்சு பதறுது, நான் வேண்டாங்கல. ஆனா பொண்ணுக்குத் தாய் எழுதுன காயிதத்துலயா குண்டு இருக்குது? முப்பத்திரண்டு வருசம் தபால்காரனா இருந்தவனுங்க நான். அடுத்தவங்க கவரை ஒருநாளும் பிரிச்சதில்லீங்க!"ன்னேன். பாவம், மொகம் வாடிப்போயி, "தப்புத்தானுங்க"ன்னு காயிதத்தை மடிச்சுக் குடுத்தார். முறுக்கு நாய்க்கும் பயணிகளுக்கும் ஆச்சு.

அப்படிக் காதுல உழுந்த சேதி எனக்குச் சேதியே இல்ல. நீயா சொல்ற வரைக்கும் ஆல்வின்னு ஒருத்தன் இருக்கறதே எனக்குத் தெரியாது. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பன் தங்கராஜ்

பி.கு.: இதை மறைச்சுட்டுப் பூசைக்குப் போக மனசு வரல. தை மாசம் உங்கம்மாவுக்கு நீ போட்ட கவரை, டீ கொதிக்கற ஆவியில காட்டிப் பிரிச்சுப் படிச்சு, ஒட்டி வெச்சது நாந்தான். மறுவாரமே சேலம் வந்து, நல்லாப் பாடற ரேடியோவை, நீ அதுல எழுதியிருந்த ஆல்வின் கடையில ரிப்பேருக்குக் குடுத்தேன். "இதுல பழுதே இல்லீங்க"ன்னு தொடச்சுத் திருப்பிக் குடுத்தான். நல்ல பையன். மே மாச லீவுக்குக் கூட்டிட்டு வா. கவரைப் பிரிச்சதை மட்டும் உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு.