கல்யாணக் கேசட்டில் நின்றவர்

"தாலி கட்டுற எடத்துல நிக்கிறாரே, யாருப்பா இவரு?" என்று கேட்டார் ராக்கையா.

வீடியோக்காரன் வெள்ளைத்துரை டெக்கில் கேசட்டைப் பின்னோட்டிப் போட்டுப் பார்த்தான். ராக்கையா மகள் கல்யாணத்தைப் படம் பிடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. திரையில் மணமக்களுக்குப் பின்னால் துண்டு போர்த்திய ஒரு கிழவர் நின்றார். எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்க்க, அவர் மட்டும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். இமைக்கவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"உங்க ஆளுன்னுல்ல நெனைச்சேன்?"

"நாங்க மாப்ளை வீட்டு ஆளுன்னு நெனைச்சோம். அவுக எங்க ஆளுன்னு நெனைச்சிருக்காக. பந்தியிலயும் உக்காரலையாம்."

ராக்கையாவின் மனைவி சுருளியம்மாள் டி.வி.க்குக் கிட்டத்தில் போய் உதட்டையே பார்த்தாள்.

"சா... சா...ங்கிறாரு. அய்யோ, சாவுன்னு சொல்றாருங்க!"

வீடே அலறியது. "மொதல்ல அந்தாளை வெட்டி எடு!" என்றார் ராக்கையா.

வெள்ளைத்துரை கிழவர் வந்த இடங்களையெல்லாம் வெட்டினான். அவற்றோடு தாலி கட்டும் இடமும் போயிற்று. புதுக் கேசட்டில் ராக்கையா மகளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. சம்பந்தி வீட்டார் சண்டைக்கு வந்தார்கள்.

வெள்ளைத்துரைக்குச் சந்தேகம் தட்டியது. போடியில் முன்பு எடுத்த நான்கு கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தான். காதுகுத்தில், தூண் ஓரம். சடங்கு வீட்டில், சீர்த்தட்டுகளுக்கு நடுவே. நான்கிலும் அவர் இருந்தார். நான்கிலும் அவனைத்தான் பார்த்தார்.

அடுத்தது தேவாரம் ஊரில் ஒரு கல்யாணம். லைட் பிடிக்கும் தவசியிடம் விஷயத்தைச் சொன்னான்.

"கவலைப்படாதீகண்ணே, நான் பாத்துக்கிர்றேன்" என்ற தவசி, கோயிலிலிருந்து விபூதி வாங்கி வந்து, அவன் அசந்த நேரம் லென்சின் ஓரமெல்லாம் அப்பிவிட்டான்.

கேசட்டைப் போட்டபோது பந்தல், பெண், மாப்பிள்ளை எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தன. நடுவில் மட்டும் கொஞ்சம் துலக்கமாக இருந்தது. அங்கே கிழவரின் முகம், முன்னைவிடக் கிட்டத்தில். "சா... சா..." என்றது உதடு.

பெண்ணின் தகப்பனார் மயங்கி விழுந்தார்.

வெள்ளைத்துரை கேமராவில் எமன் குடியிருக்கிறான் என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. "போட்டோவே போதும் தம்பி" என்று சிலமலை ஊர்க்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். தெருவில் அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தால் பெண்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்தார்கள். தவசியும் பஞ்சாலையில் வேறு சோலி தேடிக்கொண்டான்.

ஒரு மத்தியானம் வெள்ளைத்துரை எல்லாக் கேசட்டுகளையும் கொல்லையில் குவித்து மண்ணெண்ணெயை ஊற்றினான். தீக்குச்சியை உரசும்போது, அவன் மனைவி பொன்னுமணி ஓடிவந்து குச்சியைத் தட்டிவிட்டாள். குவியலின்மேல் கவிழ்ந்து கேசட்டுகளை அணைத்துக்கொண்டாள்.

"விடு புள்ள! அது பேயி!"

"பேயில்ல. எங்கப்பா."

அவன் கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது. போடிமெட்டு எஸ்டேட்டிலிருந்து வீட்டுக்குத் தெரியாமல் அவளை அழைத்துக்கொண்டு வந்து எட்டு வருஷம் ஆகிறது. மாமனாரின் முகத்தை அவன் பார்த்ததே இல்லை.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க போயி அவரைப் பிடிச்சுக் கூட்டியாருவீக. அவரு வீம்புக்காரரு, அப்பறம் வரவே மாட்டாரு. என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு குலசாமி மேல சத்தியம் பண்ணுனவராச்சே. நீங்க எடுக்குற கேசட்டை நான்தான் மொதல்ல போட்டுப் பார்ப்பேன்னு யாரோ அவருகிட்டச் சொல்லியிருக்காக. அதான் போடிமெட்டுலருந்து ஜீப்பு ஏறி விசேஷத்துக்கு விசேஷம் வர்றாரு."

"அப்ப... சாவுன்னு சொல்றது?"

பொன்னுமணி மண்ணெண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாவுன்னு எங்க சொன்னாரு? 'சாப்பிட்டியா தாயி'ன்னு கேக்குறாரு. நானும் ஒவ்வொரு கேசட்டுலயும் 'சாப்பிட்டேம்ப்பா'ன்னு பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."