கணினியில் புரண்ட வெயில் சரிவு

மதிப்பிற்குரிய மச்சான் எசென்கான் அவர்களுக்கு அத்பாஷியிலிருந்து ஜுமகாதிர் எழுதுவது. உங்கள் மந்தை நலமா, உயிர் நலமா, பிள்ளைகுட்டிகள் நலமா? இங்கே மந்தையும் உங்கள் தங்கையும் நலம்.

நம் கோடை மேய்ச்சலின் வெயில் சரிவு எதிர்ச் சரிவுக்காரன் சாரிபாய்க்குப் போய்விட்டது. போக வைத்தது நான் எழுதிய கணினி நிரல். மற்றவர் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் நூற்றெண்பது ஆடும் என் இருநூறும் குட்டிகளோடு அங்கேதான் ஏறவேண்டும். எதிரே உள்ள நிழல் சரிவில் பனி உருக இன்னும் மூன்று வாரம். அதுவரை தாய்க்குப் புல் இல்லை, குட்டிக்குப் பால் இல்லை.

மேய்ச்சல் குழுத் தலைவர் ஒமுர்சாக் இடுப்பு ஒடிந்ததிலிருந்து குதிரை ஏறுவதில்லை. இந்த வருடம் நிலத்தைப் படமாகக் காட்டுங்கள் என்றார். வெளியாளைப் பிடிப்பானேன் என்று நானே உட்கார்ந்தேன். நாற்பது வருடம் கம்பளி விரிப்பு விற்றவனுக்கு இது புரியாத வேலையில்லை: விரிப்பைத் தரையில் போட்டு, அடியில் கட்டம் கட்டமாகக் குச்சி நட்டால், நெட்டைக் குச்சி இருக்கும் இடத்தில் மலை, குட்டைக் குச்சி இருக்கும் இடத்தில் ஆறு. குச்சிக்குப் பதில் எண். குதிரையில் பள்ளத்தாக்கு முழுக்க அலைந்து, கைபேசியில் நானூறு இடத்தின் உயரத்தைக் குறித்து வந்தேன். எண்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்தேன், தாழ்வுக்குப் பச்சை, உச்சிக்கு வெள்ளை பூசினேன், வெயிலைத் தெற்கிலிருந்து அடிக்கச் சொன்னேன். முதல் தடவை ஒரே இருட்டு. பார்க்கும் கண்ணைத் தரைக்கு அடியில் வைத்திருக்கிறேன்! உங்கள் தங்கை புரூல்சா எட்டிப் பார்த்து, "இருபது நாளா இதத்தான் பண்ணீங்களா? மலையோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு யாரு கேட்டா?" என்றாள். இரண்டாம் தடவை ஆற்றுக்கு நடுவே பனிச்சிகரம். ஒரு எண்ணில் பூஜ்ஜியம் கூடியிருந்தது. மூன்றாம் தடவை அழகாக வந்தது. அழகில் மயங்கிச் சரிபார்க்காமல் விட்டேன்.

யாருக்கு எந்தச் சரிவு என்று பிரிக்கும் கூட்டத்தில் ஐம்பது பேர் முன்னால் சுவரில் படம் விழுந்தது. "என் கண்ணு பொய் சொல்லும், இது சொல்லாது" என்று நான்தான் வாயைவிட்டேன். அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன், நம் சரிவு கருத்துக் கிடக்கிறது, சாரிபாயின் நிழல் சரிவு பளபளக்கிறது. உயரங்களை வடக்கிலிருந்து தெற்காக எழுதி வைத்திருந்தேன், நிரல் தெற்கிலிருந்து வடக்காகப் படித்திருக்கிறது. பள்ளத்தாக்கு பெயர்களோடு வடக்கு தெற்காகப் புரண்டுவிட்டது.

"ஜுமகே, வெயில் என் பக்கம்ல அடிக்குது!" என்றான் சாரிபாய்.

"அது வந்து..."

"பொய் சொல்லாதுன்னீங்களே? எழுதிக்குங்க தலைவரே, வெயில் சரிவு எனக்கு."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. செயலாளர் எதையோ எழுதிக்கொண்டார்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். "படம் தப்புன்னு ஊரறியச் சொல்லுங்க, சரிவத் திருப்பித் தர்றேன்" என்றான்.

"சொல்ல மாட்டேன். இருநூறு பேர்கிட்ட விரிப்பு விக்கிறவன் நான். ஒண்ணு தப்புன்னா எல்லாத்தையும் திருப்பிப் பாப்பான்."

"அப்ப யாவாரம் பேசுவோம். ஏம்மா, டீ ஊத்து!"

பேசினோம். அவனுக்கு வேண்டியது, அவனுடைய விருந்தினர் கூடாரங்களுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் காட்ட இந்த நிரல். கூடவே எழுதக் கூசும் வேறொன்று. அதை நேரில் சொல்கிறேன். ரொட்டி பிட்டுக் கைகொடுத்தோம். சரிவு நமக்கே. நீங்கள் கவலைப்படாமல் ஆடுகளை அனுப்பலாம்.

உங்கள் கூடாரத்தின் உச்சி வளையம் உயர்ந்தே நிற்கட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

ஜுமகாதிர்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் செயலாளர் வந்தார். கூட்டத்தில் அவர் படத்தை ஏறிட்டே பார்க்கவில்லையாம். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர், போன வருடப் பக்கத்தை அப்படியே நகலெடுத்திருக்கிறார். தலைவர் கையெழுத்தும் அதில்தான். வெயில் சரிவு ஒரு நாளும் நம் கையைவிட்டுப் போகவில்லை. சாரிபாய்க்கு அது முன்பே தெரியுமாம். ரொட்டி பிட்ட பேச்சை மாற்ற முடியாது. ஆகவே நேரில் சொல்வதாக இருந்ததை இங்கேயே எழுதுகிறேன், நாம் அவனுக்குக் கொடுக்கவேண்டியதில் பாதி உங்கள் பங்கு: நிரல் ஒன்று, அதில் மலை மூன்று மடங்கு உயர்த்தித் தரப்படும், இரண்டு வயதுப் பெண்குதிரை ஒன்று, சேணத்தோடு.