சொட்டாத குழாய்

குழாய் சொட்டவில்லை.

குணாளன் ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிப் பார்த்தான். மைக்கைக் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ஒரு சொட்டுகூட இல்லை. போன மாதம் ஆயுத பூஜைக்கு இந்தக் கம்பெனியில் மைக் செட் கட்ட வந்தபோது 'டொக், டொக்' என்று சொட்டிக்கொண்டிருந்த அதே குழாய்தான். இப்போது வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய ஷெட்டுக்கும் புது ஷெட்டுக்கும் நடுவே இருந்த நீளமான நடைபாதை அது. ஷிஃப்ட் மாறும்போது நானூறு பேர் கடப்பார்கள், ஒருவரும் நிற்க மாட்டார்கள். மற்ற நேரத்தில் குழாய் சொட்டும், கதவு கிறீச்சிடும், ட்யூப்லைட் ரீங்கரிக்கும். இப்படி உள்ளும் இல்லாத, வெளியும் இல்லாத இடங்களின் ஓசையைப் பிடித்து, கம்ப்யூட்டரில் இழுத்து நீட்டி, ஒன்றோடொன்று குழைத்து இசையாக்குவதுதான் குணாளனின் பைத்தியம். ரயில்வே மேம்பாலம், மூடிய லெவல் கிராஸிங், ஆள் வருவதற்கு முந்தைய கல்யாண மண்டபம் என்று ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. வீட்டில் மனைவி கல்பனா ஒருத்திதான் அவனுக்கு ரசிகை. அவளும் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள்.

புதுவாயலில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்கு இதெல்லாம் தேவையா என்று ஊரே கேட்டது. இருபது வருடமாக அவனுடைய ஸ்பீக்கரில் ஊராரின் காதுகுத்தும் கல்யாணமும் கருமாதியும் கேட்டாகிவிட்டது. அவனுடைய சத்தம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதுதான் முதல் முறையாகச் சென்னையில் ஓர் ஒலிக்கலை விழாவுக்கு ஐந்து நிமிட இசை கேட்டிருந்தார்கள். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மற்றதெல்லாம் லேப்டாப்பில் தயார். இந்த நடைபாதைக்கு விட்ட இடம் மட்டும் காலியாக இருந்தது.

உள்ளே வர வழி செய்தவள், இங்கே ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் செல்லியம்மாள். "சட்டைய இன் பண்ணிக்கினு ஷூ போட்டுக்கினு வா நைனா. மத்தத நான் சொல்லி வெக்கிறேன்" என்றிருந்தாள். அவள் என்ன சொன்னாளோ, கேட்டில் சல்யூட் அடித்து உள்ளே விட்டார்கள். போன வாரம்தான் சேர்ந்த அட்மின் ஆபீசர் விஜயகுமார் ஓடிவந்து கைகுலுக்கினார். ஒரு மைக் செட்காரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று குணாளனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"சார், இந்தக் கொழா சொட்டிக்கினு இருந்திச்சே?" என்று கேட்டான்.

"காலையிலயே சரி பண்ணிட்டோம் சார்" என்றார் விஜயகுமார், கையைக் கட்டிக்கொண்டு.

ரெக்கார்டிங் என்றால் ஈ பறக்கும் சத்தம்கூடக் கூடாது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று குணாளன் தன்னைத் தேற்றிக்கொண்டான். சுவருக்கு அப்பால் பிரஸ் மெஷினைக்கூட நிறுத்தியிருந்தார்கள். போகட்டும், அந்தக் கதவு நன்றாகக் கத்துமே, அதையாவது கேட்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னான். அவன் மைக்கைத் திருப்புவதற்குள் ஆயில் கேனோடு ஓர் ஆள் வந்து நின்றார். இரண்டே நிமிடத்தில் கதவு மூச்சு விடாமல் திறந்து மூடியது.

நுணலும் தன் வாயால் கெடும். இனி வாயைத் திறப்பதில்லை என்று குணாளன் முடிவு செய்தான். பேசாமல் மைக்கை மட்டும் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். ரெக்கார்டு பட்டனைத் தேடுவதற்குள் எதிரே ஏணி முளைத்துவிட்டது. அதன் உச்சியில் எலக்ட்ரீஷியன் தாவீது புது எல்.இ.டி. விளக்கை மாட்டிக்கொண்டிருந்தார். அது வெளிச்சத்தை மட்டும்தான் தந்தது.

மிச்சம் இருந்தது முனகுகிற எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றுதான். குணாளன் அதன் பக்கம் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டி நின்று, கூரையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு, மைக்கை மட்டும் அக்குளுக்கு அடியில் பின்பக்கமாக நீட்டினான். விஜயகுமார் அவனை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். மைக் போகும் திசையைக் குனிந்து பார்த்தார்.

"தாவீது, அந்த ஃபேனயும் கழட்டிருங்க."

குணாளன் மைக்கை இறக்கிக் கைகூப்பினான். "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். இதுக்கு மேல ஒண்ணும் பண்ணாதீங்க. இப்பிடியே உட்ருங்க" என்றான்.

"அவ்ளோதானா சார்? ரொம்ப தேங்க்ஸ் சார்." விஜயகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சாருக்கு டிஃபன் கொண்டுவரச் சொல்லிவிட்டு அவரே கேன்டீனுக்கு ஓடினார்.

மணி மூன்றரை. நடைபாதை ஆஸ்பத்திரி மாதிரிப் பளிச்சென்று, அமைதியாக இருந்தது. குணாளன் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தான். இருபது வருடத்தில் ஒரே ஒரு வாய்ப்பு, அதையும் ஒரு நல்ல மனிதர் எண்ணெய் போட்டு மூடிவிட்டார். அழுகை வந்தது. அடக்கவில்லை.

துடைப்பத்தோடு செல்லியம்மாள் வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினான். "பேஜாராப் பூட்ச்சிக்கா. ஆபீசரு தங்கமான மனுஷன்தான். ஆனா நான் எத்த எத்தக் கேக்க வந்தனோ, அத்தயெல்லாம் கரெக்டா அட்ச்சி ஓய்ச்சிட்டாரு."

செல்லியம்மாள் குழாயைத் திருகிப் பார்த்தாள். அதற்கடியில் ஒன்றரை வருடமாகப் பக்கெட் வைத்து, எடுத்து, ஊற்றியவள் அவள். எத்தனையோ முறை எழுதிக் கொடுத்தும் யாரும் வந்து எட்டிப் பார்த்ததில்லை. கதவைத் தள்ளினாள். விளக்கை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவன் பக்கத்தில் குந்தி, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அழுவாத நைனா, லேடீஸ் ரூமுக்குப் போற சந்துல கொழா, கதவு, லைட்டு மூணும் கத்திக்கினுதான் கீது, மொதல்ல நீ வோணும்ன்றத புட்ச்சிக்கோ, அப்பால ஆபீசரு கண்ணுல பட்றா மாதிரி இந்த மைக்கத் தூக்கிக்கினு நில்லு, உன்ன கவர்மெண்ட்லேந்து சத்தம் செக் பண்ண வந்தவர்னுதான் சொல்லி வெச்சிகிறேன்."